வெளிநாட்டு டிஸ்க், உள்ளூர் பிளேயர்: ரீஜன் பூட்டைக் கையாளும் வழி

அமெரிக்காவிலிருந்து வந்த ப்ளூ-ரே ஒன்றைச் சென்னையில் வாங்கிய பிளேயரில் போடுகிறீர்கள். படத்துக்குப் பதில் ஓர் அறிவிப்புத் திரை நிற்கிறது. உடனே பிளேயர் பழுது என்றோ டிஸ்க் போலி என்றோ முடிவு கட்ட வேண்டாம். ஒரு பகுதி நாடுகளுக்கென்று விற்ற டிஸ்க் வேறு பகுதியின் பிளேயரில் ஓடாதபடி தடுக்கும் ரீஜன் பூட்டாக இருக்கலாம். அந்தத் திரையைக் காட்டுவது பிளேயரா, டிஸ்க்கா என்று பாருங்கள். பிளேயர் காட்டுகிறது என்றால் அதன் மெனு எழுத்திலேயே ஒற்றை வரியாக இருக்கும். டிஸ்க் காட்டுகிறது என்றால் முழுத்திரைப் படமாக, பல சமயம் நாலைந்து மொழிகளில் இருக்கும். டிவிடியில் பிளேயர்தான் டிஸ்க்கைச் சோதிக்கிறது. ப்ளூ-ரேயில் டிஸ்க்தான் பிளேயரைச் சோதிக்கிறது. பூட்டு இருக்கும் இடம் வேறு என்பதால் திறக்கும் வழியும் வேறு.

முதலில் நாடுகளின் கணக்கு. டிவிடியில் அமெரிக்காவும் கனடாவும் ரீஜன் 1. ஐரோப்பா, ஜப்பான், வளைகுடா நாடுகள் 2. சிங்கப்பூர், மலேசியா, தென்கொரியா, ஹாங்காங் 3. ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, லத்தீன் அமெரிக்கா 4. இந்தியா, இலங்கை, பாகிஸ்தான், ரஷ்யா, ஆப்பிரிக்காவின் பெரும்பகுதி 5. சீனா 6. ப்ளூ-ரேயில் இதையெல்லாம் மூன்றாகச் சுருக்கினார்கள். அமெரிக்கக் கண்டங்கள், ஜப்பான், கொரியா, தென்கிழக்காசியா எல்லாம் ஏ. ஐரோப்பா, ஆப்பிரிக்கா, மேற்காசியா, ஆஸ்திரேலியா பி. இந்தியா, இலங்கை, சீனா, ரஷ்யா சி. டொராண்டோவில் ஒரு பிள்ளை, லண்டனில் ஒரு பிள்ளை, சிங்கப்பூரில் ஒரு பிள்ளை என்று இருக்கும் குடும்பத்தில், மூவரும் வாங்கிவரும் டிவிடி மூன்று ரீஜன். அந்த மூன்றில் ஒன்றுகூட நம் 5 இல்லை. விசிடிக்கு இந்தத் தொல்லையே கிடையாது. அதில் ரீஜன் என்ற ஏற்பாடே இல்லை.

டிவிடி அட்டையின் பின்புறம் சிறிய உலக உருண்டைக்குள் எண் அச்சிட்டிருக்கும். ப்ளூ-ரேயில் அறுகோணத்துக்குள் எழுத்து. மூன்று எழுத்தும் இருந்தால் எங்கும் ஓடும். ஆனால் அட்டையை மட்டும் நம்ப முடியாது. ஏ என்று மட்டும் போட்டிருந்தும் உள்ளே பூட்டே இல்லாத டிஸ்க்குகள் நிறைய உண்டு. வார்னர், பாரமவுண்ட், யுனிவர்சல் நிறுவனங்களின் ப்ளூ-ரேக்களில் பல அப்படித்தான். ஒரே படத்தை வேறு நாட்டில் வேறு நிறுவனம் வெளியிட்டிருந்தால் அந்தப் பதிப்பு பூட்டோடு இருக்கலாம். வாங்குவதற்கு முன் ப்ளூ-ரே.காம் போன்ற தளத்தில் அந்தக் குறிப்பிட்ட பதிப்பின் பக்கத்தைத் திறந்து, ரீஜன் பற்றி என்ன எழுதியிருக்கிறார்கள் என்று பார்த்துவிடுங்கள். படத்தின் பெயரை மட்டும் வைத்துத் தேடினால் வேறு பதிப்பின் விவரத்தைப் படித்து ஏமாறுவீர்கள். அட்டைப்படமும் வெளியான நாடும் ஒத்துப்போக வேண்டும்.

4கே அல்ட்ரா ஹெச்டி டிஸ்க்குக்கு ரீஜன் பூட்டு கிடையாது. எந்த நாட்டில் வாங்கினாலும் எந்த நாட்டு 4கே பிளேயரிலும் ஓடும். அதே பெட்டியில் கூடவே வரும் சாதா ப்ளூ-ரேக்கு மட்டும் பூட்டு இருக்கலாம். கூடுதல் பேட்டிகள், படமாக்கிய விதம் எல்லாம் பெரும்பாலும் அந்த இரண்டாவது டிஸ்க்கில்தான் இருக்கும் என்பதை நினைவில் வையுங்கள்.

இனி டிவிடி. டிஸ்க்கின் தொடக்கக் கோப்பில் எட்டு பிட் கொண்ட ஒரு குறிப்பு இருக்கிறது, ரீஜனுக்கு ஒரு பிட். பிளேயர் அதைப் படித்துத் தன் எண்ணோடு ஒப்பிடுகிறது. ஒத்துவராவிட்டால் மறுக்கிறது. சோதனை முழுக்க பிளேயர் பக்கம் நடப்பதால், பிளேயரின் எண்ணை மாற்றினால் போதும். பல தயாரிப்பாளர்கள் ஒரே மின்சுற்றுப் பலகையை எல்லா நாட்டுக்கும் செய்து, கடைசியில் எண்ணை மட்டும் மாற்றி அனுப்பினார்கள். அந்த வசதி சர்வீஸ் மெனுவாக உள்ளேயே தங்கிவிட்டது. ஃபிலிப்ஸ் டிவிபி வரிசையின் பல மாடல்களில் டிஸ்க் இல்லாமல் செட்டப் மெனுவைத் திறந்து, பிரிஃபரன்ஸ் பக்கத்தில் நின்று, ரிமோட்டில் 138931 அழுத்தினால் ரீஜன் எண் திரையில் வரும். மேல், கீழ் அம்புக்குறியால் அதை எல்லா ரீஜனுக்கும் பொதுவான 0 ஆக்கி மெனுவை விட்டு வெளியேறினால் வேலை முடிந்தது. மற்ற பிராண்டுகளுக்கு வேறு எண்கள். மாடல் எண்ணை எழுத்துக்கு எழுத்து சரிபார்த்துத் தேடுங்கள், ஏனென்றால் கடைசி எழுத்து மாறினால் உள்ளே வேறு சிப் இருக்கலாம். சில மாடல்களில் கம்பெனி ரிமோட்டில் இல்லாத கட்டளை தேவைப்படும். அதற்கு நிரல் ஏற்றக்கூடிய யுனிவர்சல் ரிமோட் வேண்டும்.

0 வைத்தும் ஒரு ரீஜன் 1 டிவிடி ஓடவில்லையா? 2000-ல் சில ஸ்டுடியோக்கள் ஆர்சிஇ என்ற கூடுதல் சோதனையைக் கொண்டுவந்தன. அதில் டிஸ்க்கும் பதிலுக்குப் பிளேயரைக் கேட்கிறது: ‘நீ 1 தானா?’ எல்லாவற்றுக்கும் பொதுவான 0 என்று இருக்கும் பிளேயர் அங்கே மாட்டிக்கொள்ளும். தீர்வு எளிது. அந்த டிஸ்க்குக்கு மட்டும் எண்ணை 0-லிருந்து 1-க்கு மாற்றுங்கள்.

கணினியின் டிவிடி டிரைவ் விஷயத்தில்தான் அவசரப்பட்டுக் கெடுத்துக்கொள்கிறவர்கள் அதிகம். 2000-க்குப் பிறகு வந்த டிரைவ்களில் ரீஜன் எண் டிரைவின் உள்ளேயே பதிகிறது. அதை 5 தடவை மட்டுமே மாற்றலாம். ஐந்தாவது மாற்றத்தில் எது இருந்ததோ அதுவே நிலைத்துவிடும். விண்டோஸை மறுபடி நிறுவினாலும், டிரைவைக் கழற்றி வேறு கணினியில் மாட்டினாலும் எண்ணிக்கை பழையபடி வராது. எத்தனை தடவை மிச்சம் என்று அறிய டிவைஸ் மேனேஜரில் டிவிடி டிரைவின் பெயர்மேல் வலது கிளிக் செய்து, பிராப்பர்ட்டீஸ் போய், டிவிடி ரீஜன் பக்கத்தைப் பாருங்கள். ஒரே டிரைவை 5-க்கும் 1-க்கும் மாற்றி மாற்றி இழுப்பதைவிட, யுஎஸ்பியில் மாட்டும் டிரைவ் ஒன்று கூடுதலாக வாங்கி அதை நிரந்தரமாக 1 என்று வைத்துவிடுவது நல்லது. விஎல்சி மென்பொருள் ரீஜனைப் பொருட்படுத்தாமல் பல டிவிடிகளை ஓட்டிவிடும். ஆனால் எண் ஒத்துவராத டிஸ்க்கின் பகுதிகளைப் படித்துக் கொடுக்கவே மறுக்கும் டிரைவ்களும் உண்டு. அவற்றில் விஎல்சியாலும் ஒன்றும் செய்ய முடியாது.

ப்ளூ-ரேக்கு வருவோம். பிளேயரின் நினைவகத்தில் 20 என்ற எண்ணுள்ள பதிவேடு ஒன்றில் அதன் ரீஜன் எழுதியிருக்கும்: ஏ என்றால் 1, பி என்றால் 2, சி என்றால் 4. டிஸ்க் சுழலத் தொடங்கியதும் அதிலுள்ள நிரல் இந்தப் பதிவேட்டைப் படித்து, தனக்கு வேண்டிய எண் இல்லையென்றால் அறிவிப்புத் திரைக்குத் தாவுகிறது. இதனால்தான் ப்ளூ-ரேயில் ‘ரீஜன் 0’ என்ற பொது நிலையே சாத்தியமில்லை. கேட்கிற டிஸ்க்குக்கு ஏதாவது ஒரே ஒரு எழுத்தைத்தான் பதிலாகச் சொல்ல முடியும். ஏ டிஸ்க் போடும்போது ஏ, பி டிஸ்க் போடும்போது பி என்று மாறும் பிளேயர்தான் நமக்குத் தேவை.

இந்த மாற்றத்தைச் சாதாரண ரிமோட் எண்ணால் செய்யக்கூடிய ப்ளூ-ரே பிளேயர்கள் மிகக் குறைவு. கடைகளில் ‘ரீஜன் ஃப்ரீ’ என்று விற்பதில் பெரும்பாலானவை டிவிடிக்கு மட்டும் திறந்தவை. ப்ளூ-ரே பகுதி பூட்டியபடியே இருக்கும். ஆகவே விற்பவரிடம் ‘ரீஜன் ஃப்ரீயா?’ என்று கேட்காதீர்கள். ‘ப்ளூ-ரேயில் ஏ, பி, சி மூன்றும் மாறுமா, எந்தப் பட்டனால் மாறும்?’ என்று கேளுங்கள். பதில் தெளிவாக வராவிட்டால் அந்தப் பெட்டியை வாங்காதீர்கள். உண்மையில் மூன்றும் ஓடும் பிளேயர் என்பது, கம்பெனி பிளேயரைத் திறந்து உள்ளே சிறு மின்சுற்றுப் பலகை வைத்தோ, பிளேயரை இயக்கும் உள் மென்பொருளான ஃபர்ம்வேரை மாற்றியோ தனி விற்பனையாளர்கள் தருவது. சிலவற்றில் டிஸ்க் தட்டை வெளியே திறந்து வைத்துக்கொண்டு ரிமோட்டில் எண் அழுத்த வேண்டும், சிலவற்றில் ஸ்டாண்ட்பையில் அழுத்த வேண்டும். கூடவே வரும் தாளைப் பத்திரப்படுத்துங்கள். அந்த முறை கம்பெனி கையேட்டில் இருக்காது. கம்பெனி உத்தரவாதமும் அந்தத் திருத்தத்தோடு போய்விடும். பழுது பார்க்கும் பொறுப்பை விற்பவர் ஏற்கிறாரா என்று முன்கூட்டியே எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

இவ்வளவு செலவும் சிரமமும் தேவையா என்று கேட்கலாம். சத்யஜித் ரேயின் அப்பு வரிசைப் படங்கள் மூன்றின் மூல நெகட்டிவ்கள் 1993-ல் லண்டனில் நடந்த தீவிபத்தில் கருகின. தப்பியவற்றைக் கொண்டு அரும்பாடுபட்டு மீட்டெடுத்து, 2015-ல் அமெரிக்காவின் கிரைட்டீரியன் நிறுவனம் ப்ளூ-ரேயாக வெளியிட்டது. அந்த டிஸ்க் ரீஜன் ஏ. வங்காளத்தில் எடுத்த படத்தைக் கொல்கத்தாவில் வாங்கிய பிளேயர் காட்டாது. முழு விலை கொடுத்து அசல் டிஸ்க் வாங்கியவரைத்தான் இந்தப் பூட்டு நிறுத்துகிறது. திருட்டுப் பிரதிக்கு ரீஜனே கிடையாது. நல்ல பிரதிகளைத் தேடிப் பார்ப்பவர்களுக்கு ஏ திறந்த பிளேயர் ஒன்று அவசியம் என்பதில் சந்தேகமே இல்லை.

சட்டத்தையும் சொல்லிவிட வேண்டும். ஆஸ்திரேலியச் சட்டம் திரைப்பட ரீஜன் பூட்டைப் பாதுகாப்பு ஏற்பாடாகவே எடுத்துக்கொள்வதில்லை. இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தில் 2012-ல் சேர்த்த 65ஏ பிரிவு, உரிமையை மீறும் நோக்கத்தோடு தொழில்நுட்பப் பாதுகாப்பை உடைப்பதைக் குற்றமாக்குகிறது. பிளேயரில் எண்ணை மாற்றி வாங்கிய டிஸ்க்கைப் பார்ப்பது வேறு, பூட்டை உடைத்துப் பிரதி எடுத்துப் பரப்புவது வேறு.

ரீஜன் திறந்த பிறகும் படம் சரியாக வராமல் போகலாம். இதற்குக் காரணம் டிவி முறை. அமெரிக்க, ஜப்பானிய டிவிடி என்டிஎஸ்சி: 480 வரி, 60 ஹெர்ட்ஸ். ஐரோப்பிய, ஆஸ்திரேலிய டிவிடி பேல்: 576 வரி, 50 ஹெர்ட்ஸ். ரீஜனுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. லண்டனிலிருந்து வந்த தமிழ் டிவிடிகளிலேயே என்டிஎஸ்சியில் பதிந்தவை பல உண்டு. இந்தியாவில் விற்கும் இன்றைய டிவிகள் இரண்டையும் ஏற்கும். பழைய பேல் டிவியில் மஞ்சள் முனை வயரில் என்டிஎஸ்சி படம் கறுப்பு வெள்ளையாக வந்தால், நிறத்தைச் சுமக்கும் அலைவரிசை ஒத்துவரவில்லை என்று பொருள். பச்சை, நீலம், சிவப்பு என்று மூன்று முனை உள்ள காம்போனென்ட் வயருக்கு மாறினால் நிறம் வந்துவிடும். அமெரிக்காவில் இருக்கும் உறவினருக்கு பேல் டிஸ்க் அனுப்புவதுதான் சிக்கல். அங்கே விற்கும் டிவிகள் பலவும் 50 ஹெர்ட்ஸை ஏற்காது, பிளேயரே மாற்றித் தர வேண்டும். ப்ளூ-ரேயிலும் பிரிட்டிஷ் தொலைக்காட்சித் தொடர்கள் பல 50 ஹெர்ட்ஸில்தான் வருகின்றன.

பிளேயரின் வீடியோ அமைப்பில் டிவி சிஸ்டம் என்ற இடத்தில் ‘மல்டி’ அல்லது ‘ஆட்டோ’ வையுங்கள். என்டிஎஸ்சி என்று நிலையாக வைத்தால் பேல் டிஸ்க்கை 60-க்கு இழுத்து மாற்றும். கேமரா பக்கவாட்டில் நகரும் காட்சிகளில் படம் வெட்டி வெட்டி ஓடும். ப்ளூ-ரே படங்களுக்கு, நொடிக்கு 24 சட்டமாகவே அனுப்பும் 24பி வெளியீட்டையும் இயக்கிவிடுங்கள். பிறகு டிவி ரிமோட்டில் இன்ஃபோ அழுத்திப் பாருங்கள். படத்துக்கு 1080பி 24 என்று காட்ட வேண்டும். சத்தம் வந்து படம் வராவிட்டால், பிளேயருக்கும் டிவிக்கும் நடுவில் உள்ள ஹோம் தியேட்டர் ரிசீவரை விட்டுவிட்டு பிளேயரின் ஹெச்டிஎம்ஐ வயரை நேரே டிவியில் செருகுங்கள். அப்போது படம் வந்தால் சிக்கல் ரிசீவரில்.

பேல் டிவிடியில் இன்னொன்று, இசைக் காது உள்ளவர்களை உறுத்துவது. நொடிக்கு 24 சட்டம் உள்ள சினிமாவை 25 ஆக ஓட்டித்தான் பேலில் பதிகிறார்கள். இரண்டு மணி நேரப் படம் சுமார் 115 நிமிடத்தில் முடிந்துவிடும். சுருதியும் ஒரு ஸ்வரஸ்தானத்தில் முக்கால் பங்கை நெருங்கும் அளவு ஏறும். சில டிஸ்க்குகளில் சுருதியைத் திருத்தியிருப்பார்கள், பலவற்றில் இல்லை. இசை முக்கியமான படத்துக்கு என்டிஎஸ்சி டிவிடியோ ப்ளூ-ரேயோ கிடைத்தால் அதையே தேர்ந்தெடுங்கள்.

அமெரிக்காவிலிருந்து பிளேயரையே வரவழைத்து, ரீஜன் ஏ டிஸ்க்குக்கென்று தனியாக வைத்துக்கொள்வதும் ஒரு வழி. திருத்திய பிளேயரைவிடச் செலவு குறைவாகவே முடியும். பிளக்கைச் செருகும் முன் பின்பக்கத் தகட்டைப் படியுங்கள். 100-240 வோல்ட் என்றிருந்தால் பிளக் அடாப்டர் மட்டும் போதும். 120 வோல்ட் என்று மட்டும் இருந்தால் நம் 230-ல் செருகிய நொடியில் பவர் சப்ளை எரிந்துவிடும். பிளேயரின் வாட் அளவும் அதே தகட்டில் இருக்கும். அதைப்போல் இரண்டு மடங்காவது தாங்கும் ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வாங்குங்கள். சாதாரண ப்ளூ-ரே பிளேயருக்கு 100 விஏ (டிரான்ஸ்ஃபார்மரின் தாங்குதிறன் அளவு) தாராளம்.

கடைசியாக ஃபர்ம்வேர். புதிய ப்ளூ-ரேக்களில் குறியாக்கச் சாவிகள் புதுப்பிக்கப்படுவதால், பழைய ஃபர்ம்வேர் உள்ள பிளேயர் சில புது டிஸ்க்குகளை ஏற்காது. அப்போது ரீஜன் அறிவிப்பு வராது. டிஸ்க்கைப் படிக்க முடியவில்லை என்றோ, அப்டேட் தேவை என்றோ வரும். திருத்தாத பிளேயரில் தயங்காமல் அப்டேட் செய்யலாம். திருத்திய பிளேயரில் அதே அப்டேட் ரீஜன் மாற்றத்தை அழித்துவிடக்கூடும். வாங்கிய அன்றே தானியங்கி அப்டேட்டை அணைத்து, நெட் வயரையும் கழற்றிவிடுங்கள். புது டிஸ்க் ஒன்று ஓட மறுத்தால், எந்தப் பதிப்புவரை ஏற்றலாம் என்று திருத்தியவரிடம் கேட்டு, அந்தக் கோப்பை மட்டும் யுஎஸ்பி வழியே ஏற்றுங்கள்.