ரெய்னால்ட்ஸின் கண்ணாடிக் குழாய்

மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் இன்றும் பத்திரமாக இருக்கும் ஒரு கருவியைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். அந்தப் பல்கலைக்கழகம் ஓவன்ஸ் கல்லூரியாக இருந்த காலத்தில் ஆஸ்போர்ன் ரெய்னால்ட்ஸ் அங்கே பொறியியல் பேராசிரியர். 1883-இல் அவர் வெளியிட்ட சோதனை பார்க்க ரொம்ப எளிது: தொட்டி நிறையத் தண்ணீர், அது அசைவில்லாமல் அடங்கும்வரை காத்திருப்பு, உள்ளே படுக்கைவாட்டில் ஒரு கண்ணாடிக் குழாய், அதன் வாயில் மெல்லிய சாயக் கோடு. வால்வை மெதுவாகத் திறந்தால் சாயம் நூல் பிடித்த மாதிரி நேராக ஓடும். வேகம் கூடக் கூட ஓர் இடத்தில் சட்டென்று கலைந்து குழாய் முழுக்க நிறம் பரவிவிடும். அந்தக் கலங்கலை அவர் மின் தீப்பொறியின் வெளிச்சத்தில் பார்த்திருக்கிறார், தனித்தனிச் சுழல்களாகத் தெரிந்திருக்கிறது! எனக்கு உடல் சிலிர்ப்பது இந்த இடத்தில்தான்.

நீராவிக் கொதிகலனில் வெப்பம் எப்படிக் கடக்கிறது என்று 1874-லேயே எழுதியவர் அவர். சுழல் இருந்தால் சுவரோரச் சூட்டு நீர் விலகும், குளிர்ந்த நீர் வந்து சேரும், வெப்பம் வேகமாகப் போகும். இன்று ரேடியேட்டர் வடிவமைக்கிறவர்களும் ரெய்னால்ட்ஸ் எண்ணை, அதாவது ஓட்டம் நேராகப் போகுமா கலங்குமா என்று வேகம், குழாய் அகலம், திரவத்தின் பிசுபிசுப்பு ஆகியவற்றை வைத்துச் சொல்லும் எண்ணை, கணக்கிடாமல் நகர முடியாது. அப்புறம், அதே கருவியில் அவர் எட்டிய வேகம்வரை ஓட்டத்தைக் கலையாமல் கொண்டுபோக இப்போது முடிவதில்லை, மான்செஸ்டர் தெருக்களின் வாகன அதிர்வே அதைக் கலைத்துவிடுகிறது.