மின்னியின் இடது கண்

மே 4
மின்னி, ஷீட்ஸூ இன நாய், ஒன்பது மாதம். காலையிலிருந்து இடது கண்ணை இடுக்கிக்கொண்டே இருக்கிறாள். தண்ணீராக வழிகிறது, பீளை இல்லை. நாய் கண்ணை இடுக்கினால் வலி என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். 0.9% சலைனால் (உப்புநீர்) கழுவி, கண்ணைத் தேய்க்காமலிருக்கக் கழுத்தில் கோன் (கூம்பு வளையம்) மாட்டியாயிற்று. கோன் விளிம்பு மூக்கு நுனியைத் தாண்டி இரண்டு விரற்கடை நீண்டிருக்கணும். குட்டையாக இருந்தால் கண்ணைக் கொண்டுபோய்ச் சுவரில் தேய்த்துவிடும்.

அலமாரியில் மிச்சமிருந்த மனிதர்களுக்கான சொட்டு மருந்தில் டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு இருக்கிறது. தொடவே கூடாது. கருவிழியில் புண் இருந்து அதன்மேல் ஸ்டீராய்டு விழுந்தால் புண் ஆறாமல் ஆழமாகும், ஓட்டையே விழலாம். தாய்ப்பால், விளக்கெண்ணெய் பேச்சுக்கும் இடமில்லை.

மே 5
டாக்டர் முதலில் கண்ணீர்ச் சுரப்பை அளக்கும் ஷிர்மர் தாளை வைத்தார்: ஒரு நிமிடத்தில் 19 மி.மீ. 15-க்குக் குறையாவிட்டால் கண்ணீர் போதும். எந்தச் சொட்டும் விடுமுன் இதைப் பார்த்துவிட வேண்டும். அடுத்து ஃபுளோரசின் சாயம். சலைனில் கழுவிய பின் நீல விளக்கில் பார்த்தால், கருவிழியின் மேல்பாதியில் கடுகளவு பச்சை ஒட்டியிருந்தது. மேல்தோல் உரிந்த இடத்தில்தான் அந்தச் சாயம் பிடிக்கும். மேலோட்டமான புண்.

கிருமிக்கு எதிராக டோப்ராமைசின் 0.3%, ஆறு மணிக்கொருமுறை ஒரு சொட்டு. வலி குறைய அட்ரோபின் 1%, நாளுக்கு ஒன்று, இரண்டு நாள் மட்டும்.

மே 6
முன்னாலிருந்து பாட்டிலை நீட்டினால் தலையை இழுத்துக்கொள்கிறாள். பின்னால் உட்கார்ந்து, தாடையை ஏந்தி, மருந்துக் கையை நெற்றியில் ஊன்றி, மேலிமையைக் கட்டைவிரலால் தூக்கிச் சொட்டு விட்டால் ஒரே நொடி. பாட்டில் முனை கண்ணில் படக்கூடாது. இரண்டு சொட்டு விட்டால் ஒன்று வழிந்து வீண்தான். ஒரு மருந்துக்கும் அடுத்ததற்கும் ஐந்து நிமிடம் இடைவெளி. இல்லாவிட்டால் பின்னது முன்னதைக் கழுவிவிடும்.

அட்ரோபின் விட்டதும் வாயில் நுரை. பயப்பட வேண்டாம், மருந்து மூக்கு வழியாகத் தொண்டைக்கு இறங்கிக் கசக்கிறது. அட்ரோபினால் கண்பாப்பா விரிந்திருப்பதால் வெயிலில் நடக்கவிடவில்லை.

மே 9
இடுக்குவது பாதிதான் குறைந்திருக்கிறது.

மே 12
ஏழு நாள் மருந்துக்குப் பிறகும் அதே இடத்தில் பச்சை. சாதாரணப் புண் இதற்குள் மூடியிருக்க வேண்டும். இங்கே மருந்தை மாற்றிக்கொண்டே போவதுதான் பலரும் செய்யும் தப்பு. இளம் நாயில் புண் ஆறவில்லையென்றால் எதுவோ உரசுகிறது என்று தேட வேண்டும். உள்நோக்கி மடிந்த இமை, மூன்றாம் இமைக்குப் (நாயின் கண் உள்மூலையில் இருக்கும் சவ்வு) பின்னால் புல் துணுக்கு, முடி.

டாக்டர் மேலிமையைப் புரட்டி, உருப்பெருக்கியில் பார்த்தார். இமையின் உட்புறத்தில், சரியாக நடுவில், சிறு கறுப்புப் புள்ளி. அதிலிருந்து அரை மில்லிமீட்டர்கூட இல்லாத ஒரு முடி நேராகக் கருவிழியைப் பார்த்து நின்றது. இடம் மாறி முளைத்த இமைமுடி. ஒவ்வொரு சிமிட்டலுக்கும் புண்ணைச் சுரண்டியிருக்கிறது. புண் மேல்பாதியில் இருப்பதைப் பார்த்தபோதே மேலிமையைப் புரட்டியிருக்கலாம்.

மே 14
முடியைப் பிடுங்கினால் சில வாரத்தில் மறுபடி முளைக்கும். அதனால் மயக்கம் கொடுத்து, மைக்ரோஸ்கோப்பின் கீழ் வேரோடு சின்னத் துண்டாக வெட்டியெடுத்தார்கள். தையல் இல்லை.

மே 16
கண்ணை முழுசாகத் திறந்து பார்க்கிறாள்.

மே 20
சாயம் ஒட்டவில்லை. டோப்ராமைசினும் கோனும் நிறுத்தம். பக்கத்தில் வேறு முடி முளைக்கலாம். ஒரு மாதம் கழித்து இரண்டு இமைகளையும் புரட்டிப் பார்க்க வேண்டும்.