அப்புச்சியின் ஏர்கன்னும் மூக்கை ராவிய பெல்லட்டும்

பழைய பட்டாளத் துப்பாக்கியில் கனமான தட்டைமூக்குக் குண்டைப் போட்டு வேட்டைக்குப் போகிற வெளிநாட்டுக்காரர்களின் கதைகளைப் படித்துப் படித்துத்தான் எனக்கு இந்த ஏர்கன் குண்டின் மூக்கை ராவுகிற கிறுக்குப் பிடித்தது. பிரிட்டிஷ் பட்டாளத்தின் .303 லீ என்ஃபீல்டையே எடுத்துக்கொள்வோம். ஆரம்ப காலத்தில் அதற்கு 215 கிரெயின், அதாவது கிட்டத்தட்ட 14 கிராம் எடையுள்ள உருண்டை மூக்குக் குண்டு. 1910-இல்தான் 174 கிரெயின் கூர்மூக்குக் குண்டு வந்தது. துப்பாக்கி அதேதான், பேரலுக்குள் குண்டைச் சுழற்றிவிடுகிற வரிப்பள்ளத்தின் முறுக்கும், 10 அங்குலத்துக்கு ஒரு சுற்று, அதேதான். குண்டு தடுமாறாமல் பறக்க எவ்வளவு முறுக்கு வேண்டும் என்பதைப் பெரும்பாலும் குண்டின் நீளம்தான் தீர்மானிக்கிறது. ஒரே எடையில் தட்டைமூக்குக் குண்டு கூர்மூக்கைவிடக் குட்டையாக இருக்கும். அதனால் பழைய பேரல் அதைச் சிரமமில்லாமல் சுழற்றி அனுப்பிவிடும். இரையின் மேல் பட்டாலும் தட்டைமூக்கு சட்டென்று திசை திரும்பாது, நேராக உள்ளே போகும். தொல்லை என்றால், குண்டுகளை அடுக்கி வைக்கிற மேகசினிலிருந்து ஏறும்போது அந்தத் தட்டை விளிம்பு, குண்டு உட்காருகிற அறையின் வாயில் இடிக்கும்.

நமக்கு இதெல்லாம் கதையோடு சரி. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் அதன் 1991 திருத்தமும் வந்ததோடு இங்கே வேட்டை முடிந்தது. .303-ஐ சாமானியர்கள் வாங்கவும் முடியாது. என்னிடம் இருப்பது தாராபுரம் பக்கத்துத் தோட்டத்துச் சாளையில் அப்புச்சி விட்டுப்போன 4.5 மில்லிமீட்டர் ஏர்கன். பேரலை மடக்கி ஸ்பிரிங்கை இழுக்கிற பழைய ரகம். தோல் வாஷர் காய்ந்து கிடந்ததால் முதல் வாரம் எண்ணெய் விடுவதிலேயே போனது. அப்புறமும் பத்துத் தடவை புகையைக் கக்கிவிட்டுத்தான் ஒரு நிலைக்கு வந்தது. கனமும் தட்டையும் பெரிய துப்பாக்கியில் செய்வதை இந்தச் சின்னதிலும் செய்யுமா என்று பார்ப்பதுதான் என் திட்டம்.

போட்டிகளில் பயன்படுத்துகிற 0.53 கிராம் தட்டைமூக்கு பெல்லட், அதாவது ஏர்கன்னில் போடுகிற குட்டி ஈயக்குண்டு, ஒரு டப்பா, 0.547 கிராம் உருண்டை மூக்கு ஒரு டப்பா, 0.68 கிராம் கனமான உருண்டை ஒரு டப்பா. கனமும் தட்டையும் சேர்ந்த பெல்லட் நான் தேடிய கடைகளில் கிடைக்கவில்லை. சரி, நாமே செய்துவிடுவோம் என்று கனமான உருண்டையின் மூக்கை ராவினேன். கையால் அரத்தில் தேய்த்த முதல் இருபதும் கோணல். கோவை கணபதியில் லேத் பட்டறை வைத்திருக்கும் நண்பரிடம் சொன்னதும், "இதுக்குப் போயி இத்தனை யோசனையாங்க" என்று பித்தளைத் தகட்டில் ஒரு துளை போட்டுக் கொடுத்தார். பெல்லட்டைத் துளைக்குள் இறக்கினால் மூக்கு மட்டும் மேலே துருத்தும். தகட்டோடு சமமாகத் தேய்த்தால் போதும். தேய்த்ததை நகைப் பட்டறைத் தராசில் போட்டுப் பார்த்தேன், சராசரி 0.63 கிராம் நின்றது. அந்தப் பத்தரின் முகத்தில் அன்று தெரிந்த குழப்பத்தை மறக்க முடியாது. ஈயத்தூள் விஷம் என்பதால் வாசலில் காகிதம் விரித்து முகமூடி போட்டுத்தான் ராவினேன். முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவினேன். குழந்தைகள் இருக்கிற வீட்டுக்குள் வைத்து இந்த வேலை கூடாது.

தென்னைமரத்தடியில் மணல் மூட்டைகளை இரண்டு வரிசை அடுக்கி, அதன் முன்னால் அட்டை. துணி சுருட்டின மெத்தை மேல் துப்பாக்கி. ஒவ்வொரு ரகத்திலும் ஐந்தைந்து குண்டு, பல சுற்று.

10 மீட்டரில் போட்டித் தட்டைமூக்கு ராஜா. ஐந்தும் 14 மில்லிமீட்டருக்குள் விழுந்தன. காகிதத்தில் ஓட்டை பஞ்சிங் மெஷினில் குத்தின மாதிரி அவ்வளவு சுத்தம். சின்ன உருண்டை 15, கனமான உருண்டை 20. நான் ராவியது 17, ராவாத கனமானதைவிட மூன்று குறைவு. ஆகா, ஜெயித்துவிட்டோம் என்று அன்று சாயங்காலம் டீக்கடை வரைக்கும் போய்ச் சொல்லிவிட்டேன். அவசரப்பட்டிருக்கக் கூடாது.

25 மீட்டருக்கு நகர்ந்ததும் ஆடி பிறந்துவிட்டது. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிற காற்றில் காற்றாலைகள் சுற்றுகிற ஊர் இது. ஆடிக் காற்றில் அம்மியே பறக்கும்போது அரை கிராம் ஈயம் எம்மாத்திரம்? பத்து மணிக்கு மேல் சுட்ட அட்டைகளை எல்லாம் குப்பையில் போட்டேன். விடிகாலை ஆறு மணிக்கு, ஓலை அசையாத நேரத்தில் சுட்டவை மட்டும்தான் கணக்கு. சின்ன உருண்டை 38 மில்லிமீட்டர். போட்டித் தட்டை 60. கனமான உருண்டை 55. என் அருமைப் படைப்பு 95. அதோடு 10 மீட்டரில் வைத்த குறிக்கு எட்டு சென்டிமீட்டர் கீழே போய் விழுந்தது. சின்ன உருண்டை ஐந்து சென்டிமீட்டர்தான் இறங்கியது.

அட்டையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. ராவிய பெல்லட் போட்ட ஓட்டைகளில் இரண்டு, வட்டமாக இல்லாமல் வேப்பங்கொட்டை மாதிரி நீண்டிருந்தன. பெல்லட் சாய்ந்தபடி போய்ப் பட்டிருக்கிறது.

காரணம் பெல்லட்டின் உடம்பிலேயே இருக்கிறது. இடுப்பு ஒடுங்கி, பின்பக்கம் பாவாடை மாதிரி விரிந்து, உள்ளே வெற்றாக இருக்கும். தலை கனம், வால் லேசு. முறுக்கு மட்டுமல்லாமல் இறகுப்பந்து மாதிரி வாலில் படுகிற காற்றும் சேர்ந்துதான் அதை நேராக நிறுத்துகிறது. நான் ராவி எடுத்த 0.05 கிராமும் தலையிலிருந்து போனது. எடை மையம் பின்னால் நகர்ந்துவிட்டது. .303 குண்டு பின்னால் வெற்றாக இல்லாத, உலோக உறை போட்ட குண்டு, அது முறுக்கை மட்டுமே நம்பிப் பறக்கிறது. அங்கே மூக்கைக் குட்டையாக்குவது உதவி. இங்கே அதுவே உபத்திரவம்.

எடை விஷயமும் கைகொடுக்கவில்லை. கோவை நண்பர் ஒருவரிடம் வேகம் அளக்கும் கருவியை இரவல் வாங்கி வந்து பார்த்தேன். 0.53 கிராம் நொடிக்கு 165 மீட்டர், அதாவது ஆற்றல் ஏழு ஜூலுக்குச் சற்று மேல். ராவிய 0.63 கிராம் 144 மீட்டர், ஆறரை ஜூல். பட்டாளத் துப்பாக்கியில் கனமான குண்டுக்கு ஏற்ற மாதிரி வெடிமருந்தை மாற்றிக்கொள்ளலாம். ஸ்பிரிங்குக்கு இருப்பது ஒரே பலம்தான். கனம் கூடினால் பெல்லட் பேரலுக்குள் கூடுதல் நேரம் இருக்கும், அதற்குள் துப்பாக்கியும் துள்ளிவிடும்.

துணி சோப்புக் கட்டியில் 10 மீட்டரிலிருந்து சுட்டுப் பார்த்தது மட்டும் தட்டைமூக்கு அகலமான குழி போடும் என்று கதைகளில் படித்ததோடு ஒத்துப்போனது. உருண்டை மூக்கு மூன்றரை சென்டிமீட்டர் ஒடுங்கிய குழியாகப் போனது. போட்டித் தட்டை இரண்டரைதான், ஆனால் வாய் அகலம். அந்தச் சோப்பு இன்னும் துவைக்கிற கல் மேல்தான் இருக்கிறது, அம்மா அதைத் தொட மாட்டேன் என்கிறார்.

இதற்கு நடுவில் பக்கத்துத் தோட்டத்து மாமா வேலி ஓரம் வந்து நின்றார். "மாப்ளே, அட்டையச் சுட்டது போதும், நம்ம சோளத்துல எறங்கற மயிலு நாலச் சுட்டுக் குடு." மயில் தின்ற சோளக்காட்டைப் பார்த்தவனுக்கு அவர் வயிற்றெரிச்சல் புரியும். ஆனாலும் அதைத் தொட்டால் ஜெயில்தான் மாமா என்றேன். இந்த ஏர்கன்னுக்கு உரிமம் வேண்டாம் என்பதற்காக மயிலைச் சுடவும் உரிமம் வேண்டாம் என்று ஆகிவிடுமா? "அப்புறம் எதுக்கு அந்தக் குச்சி" என்று கேட்டுவிட்டுப் போனார்.

இப்போதைக்கு 10 மீட்டருக்குப் போட்டித் தட்டை, அதற்கு மேல் சின்ன உருண்டை என்று பிரித்து வைத்துவிட்டேன். ராவியதில் மிச்சம் நாற்பத்தியிரண்டு இருக்கிறது. மூக்கைத் தொடாமல், கனமான உருண்டையையே புது ஸ்பிரிங் போட்டுச் சுட்டுப் பார்க்க வேண்டும். ஸ்பிரிங்குக்குச் சொல்லியாயிற்று. ஆடி முடிந்து காற்று அடங்கட்டும்.