539-லிருந்து 561: ஏர் பிஸ்டலில் என் ஒரு வருடம் கிரிப்பில் போனது

மாநிலத் துப்பாக்கி சுடுதல் போட்டி முடிவு நேற்று முன்தினம் வந்தது. 561. மொத்தம் 60 ஷாட், 600 புள்ளி. பத்து ஷாட் ஒரு சீரிஸ்; சீரிஸ் வாரியாகச் சொன்னால் 94, 95, 93, 95, 92, 92. அடுத்த கட்டத்துக்குத் தேர்வாகிவிட்டேன். இரண்டு நாளாக அம்மா பார்ப்பவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார். எனக்கு இன்னும் கை நடுக்கம் நிற்கவில்லை. அது நிற்பதற்குள் இதை எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

போன வருடம் இதே போட்டியில் நான் அடித்தது 539. அந்த வரிசை 93, 92, 91, 90, 86, 87. இரண்டையும் அருகருகே வைத்துப் பாருங்கள். முதல் சீரிஸில் பெரிய வித்தியாசம் இல்லை. நாற்பது ஷாட்டுக்கு மேல்தான் போன வருடம் சரிந்தேன். பார்த்தவர்கள் எல்லோரும் ஒரே காரணம் சொன்னார்கள்: ஸ்டாமினா போதவில்லை. நானும் நம்பினேன். ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மொட்டை மாடியில் நின்றேன், பிளாங்க் செய்தேன், காலையில் ஓடினேன். ஆறு மாதம் கழித்து 544. அவ்வளவுதான்.

காரணம் என் கிரிப். பிஸ்டலின் மரக் கைப்பிடி என் கைக்குப் பெரியது. இந்த ஒன்றைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு வருடம் ஆனது. ஆகவே இந்தப் பதிவில் முக்கால்வாசி கிரிப்பைப் பற்றித்தான் இருக்கும்.

நான் வாங்கியது பழைய ஸ்டையர் எல்பி10 ஏர் பிஸ்டல். விலை 1,35,000 ரூபாய், பாதி சேமிப்பு, பாதி நகைக்கடன். விற்றவர் என்னைவிட ஓர் அடி உயரமானவர். கிரிப்பில் எல், அதாவது பெரிய அளவு, என்று எழுதியிருந்தது. என் கைக்குச் சின்ன அளவான எஸ் தான் சரி. "போகப் போகப் பழகிவிடும்" என்றார், தலையாட்டினேன். அழுத்தக் காற்றை அடைத்து வைக்கும் சிலிண்டரையும் நான் பார்க்கவில்லை. தயாரித்த தேதியிலிருந்து பத்து வருடம்தான் அது செல்லும். எனக்குத் தெரிந்தபோது அதில் மிச்சம் இருந்தது 14 மாதம். பழைய பிஸ்டல் வாங்குகிறவர்கள் பணத்தை எண்ணும் முன் சிலிண்டரில் பொறித்திருக்கும் தேதியைப் படியுங்கள். இதை நம்மிடம் யாரும் தானாக வந்து சொல்வதில்லை.

கிரிப் ஏன் இவ்வளவு முக்கியம் என்று கேட்டால், ஒரு சின்னக் கணக்கு இருக்கிறது. டார்கெட்டில் ஒவ்வொரு வளையமும் 8 மி.மீ. அகலம். நடுவிலுள்ள பத்துப் புள்ளி வட்டத்தின் விட்டம் 11.5 மி.மீ., பெல்லட் என்கிற சின்னக் குண்டு 4.5 மி.மீ. பெல்லட்டின் ஓரம் கோட்டைத் தொட்டாலே அந்த மதிப்பு கிடைத்துவிடும். ஆக, பெல்லட்டின் மையம் நடுவிலிருந்து 8 மி.மீ. வரை விலகினாலும் அது பத்துதான். இப்போது இரண்டு தவறுகளை எடுத்துக்கொள்ளுங்கள். முதலாவது, குறி பார்க்க உதவும் முன், பின் சைட் இரண்டும் ஒழுங்காக நேர்கோட்டில் இருக்கின்றன, கை மொத்தமாக 5 மி.மீ. ஆடுகிறது. டார்கெட்டிலும் அதே 5 மி.மீ. தான் விலகும். பத்து. இரண்டாவது, கை ஆடவே இல்லை, ஆனால் ஃப்ரன்ட் சைட் பின் சைட்டின் பள்ளத்துக்குள் 1 மி.மீ. இடது பக்கம் தள்ளி நிற்கிறது. முன் சைட்டுக்கும் பின் சைட்டுக்கும் இடைவெளி சுமார் 330 மி.மீ., டார்கெட் 10 மீட்டர் தூரத்தில். அந்த 1 மி.மீ. அங்கே போய்ச் சேரும்போது 30 மி.மீ. ஆகிவிடும். ஏழு!

கை ஆடுவதைக் குறைக்கத்தான் நாம் எல்லோரும் பாடுபடுகிறோம். புள்ளிகளைத் தின்பது கோணம். ஒவ்வொரு முறை பிஸ்டலைத் தூக்கும்போதும் அந்தக் கோணத்தை முடிவு செய்வது கிரிப். அது கையில் சரியாக உட்காராவிட்டால் ஒவ்வொரு ஷாட்டுக்கும் மணிக்கட்டை லேசாகத் திருப்பி, விரலை இறுக்கி, சைட்டை நேராக்க வேண்டியிருக்கும். நாமே அறியாமல் செய்வோம். முப்பது ஷாட் வரை தசை ஈடுகொடுக்கும். பெண்களுக்கு 40 ஷாட் இருந்த காலத்தில் நான் ஒருவேளை தப்பித்திருப்பேன். 2018-லிருந்து நமக்கும் 60. அந்தக் கடைசி இருபதில் என் தசை கைவிட்டது. 86, 87 வந்த கதை இதுதான்.

உங்களுக்கும் இந்தப் பிரச்சினை இருக்கிறதா என்று பார்க்க ஒரு சோதனை போதும். கண்ணை மூடுங்கள். பிஸ்டலைத் தூக்கி, வழக்கமாக நிறுத்தும் உயரத்தில் நிறுத்துங்கள். ஒரு மூச்சு விட்டுவிட்டுக் கண்ணைத் திறந்து, ஃப்ரன்ட் சைட் பள்ளத்தில் எங்கே நிற்கிறது என்று பாருங்கள். திருத்தக் கூடாது, பார்க்க மட்டும் வேண்டும். நோட்டில் குறித்துக்கொண்டு இறக்குங்கள். இப்படிப் பத்து தடவை. எனக்குப் பத்தில் ஒன்பது தடவை இடது ஓரத்தில் ஒட்டிக்கொண்டு நின்றது.

கோவை கணபதியில் எங்கள் மாமாவுக்குப் பேட்டர்ன் பட்டறை இருக்கிறது. ஃபவுண்டரிகளுக்கு வார்ப்பு அச்சு எடுக்க மரத்தில் பேட்டர்ன் செய்து கொடுக்கிறார், முப்பது வருடத் தொழில். பிஸ்டலைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்குப் போனபோது சும்மா காட்டினேன். தூக்கிப் பிடிக்கச் சொன்னார். பிஸ்டலைப் பார்க்கவே இல்லை, என் விரல் முட்டிகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அம்மிணி, இந்தக் கட்டை உங்கையில உக்காரவே இல்ல. நீ அதைப் புடிச்சு இழுத்துட்டு நிக்கற."

"ஆஸ்திரியாவுல செஞ்சதுங்க மாமா. அதுல போய்க் கை வெக்கலாமுங்களா?"

"அவன் அவனுக்குத் தெரிஞ்ச கைக்குச் செஞ்சிருக்கறான். உங்கைய அவன் எங்க பாத்தான்?"

அப்புறம் அலமாரியிலிருந்து மார்க்கிங் புளூ டப்பாவை எடுத்தார். இரண்டு பாகங்கள் ஒன்றோடொன்று பொருந்துகின்றனவா என்று பார்க்கப் பட்டறைகளில் தடவுகிற நீல மை. என் உள்ளங்கையிலும் விரல்களிலும் மிக மெல்லிசாகத் தடவிவிட்டு, பிஸ்டலைப் பிடித்து, தூக்கி, பத்து விநாடி நிறுத்தி, இறக்கச் சொன்னார். கையை எடுத்தபோது வால்நட் மரத்தில் நீலம் மூன்றே இடத்தில் இருந்தது: கட்டைவிரலின் அடிச்சதை, நடுவிரலின் நுனி, சுண்டுவிரலின் ஓரம். உள்ளங்கைக் குழி இருக்க வேண்டிய இடத்தில் மரம் சுத்தமாக இருந்தது, ஒரு புள்ளி மை இல்லை. ஒரு வருடமாக நான் மூன்று புள்ளிகளில் ஒரு கிலோ எடையைத் தூக்கிக்கொண்டு நின்றிருக்கிறேன்.

நாங்கள் செய்தது இது:

- முதலில் எடுப்பது, அப்புறம் வைப்பது. கட்டைவிரல் பக்கத்தில் அரை வட்ட அரத்தால் மரத்தைக் குறைத்தோம். ஒரு நாளில் அரை மி.மீ.க்கு மேல் எடுக்கவில்லை.
- ஒவ்வொரு முறை ராவிய பிறகும் திரும்ப நீலம் தடவிப் பார்த்தோம். வீட்டில் செய்கிறவர்களுக்கு லிப்ஸ்டிக் போதும்.
- உள்ளங்கைக் குழிக்கு எம்-சீல், இரண்டு பசைக்கட்டிகளைக் கலந்தால் இறுகும் பொருள். இரண்டையும் பிசைந்து ஒட்டி, கையில் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டு பிடித்தேன்.
- உட்கார்ந்தபடி அச்சு எடுக்காதீர்கள். கையை நீட்டித் தோள் உயரத்தில் நிறுத்தும்போது உள்ளங்கையின் வடிவம் மாறுகிறது. சுடும் நிலையில் நின்று, சுடும் அளவுக்கே இறுக்கிப் பிடித்து எடுங்கள். நான் முதல் முறை நாற்காலியில் உட்கார்ந்து எடுத்ததை முழுசாகச் சுரண்டி எறிந்தோம்.
- ஆள்காட்டி விரல் மரத்தைத் தொடவே கூடாது. ட்ரிகர் வரை இடைவெளி வேண்டும். தொட்டால் விரல் அசையும்போது மரமும் சேர்ந்து அசையும்.
- இறுதியில் 220 நம்பர் உப்புத்தாள். வழவழப்பாக்க வேண்டாம், வியர்த்தால் வழுக்கும்.

ஐந்து வாரம் ஆனது. அந்த ஐந்து வாரமும் மதிப்பெண் கீழே போனது, 530 கூட வந்தது. ஒரு நாள் ரேஞ்சிலிருந்து அழுதுகொண்டே வீட்டுக்கு வந்தேன். ஆறாவது வாரம் கண்ணை மூடித் தூக்கினால் பத்தில் ஏழு தடவை சைட் நடுவில் நின்றது. அந்த மாதக் கடைசியில் முதல் முறையாக 555.

சரி, இப்போது நான் செய்த தவறு. இதைத் தயவுசெய்து இரண்டு முறை படியுங்கள்.

கையின் அடியில் தாங்கும் பாம் ரெஸ்ட்டின் ஓரத்தில் எம்-சீலால் ஒரு சின்ன வரம்பு கட்டியிருந்தேன். கை அதில் தொட்டில் மாதிரி உட்கார்ந்தது, அவ்வளவு சுகம். விதியில் பாம் ரெஸ்ட் கிரிப்புக்கு 90 டிகிரிக்குக் குறையாமல் இருக்க வேண்டும் என்பது எனக்குத் தெரியும். அது மேல்நோக்கி வளையவும் கூடாது என்ற வரியை நான் படித்திருக்கவில்லை. போட்டிக்கு முன் கருவிகளைச் சோதிக்கும் எக்விப்மென்ட் கன்ட்ரோலில் அதிகாரி விரலை வைத்து ஒரு தடவு தடவினார். "இது வளைஞ்சிருக்கும்மா. பாஸ் பண்ண முடியாது." அவர் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. நான் சுட வேண்டிய சுற்றுக்கு, என் டீடெயிலுக்கு, ஒரு மணி நேரம்கூட இல்லை.

வரிசையில் எனக்குப் பின்னால் நின்ற பெண் பையிலிருந்து நகம் ராவும் அரத்தை எடுத்து நீட்டினாள். பெயர்கூடக் கேட்கவில்லை. வராண்டாவில் தரையில் உட்கார்ந்து 35 நிமிடம் ராவினேன். எம்-சீல் காய்ந்தால் கல். சுடிதார் முழுக்கப் பொடி, வலது கை வலி எடுத்துவிட்டது, அந்தக் கையால்தான் சுட வேண்டும். இரண்டாவது முறை போனபோது பாஸ் ஆகி ஸ்டிக்கர் ஒட்டினார்கள். கணக்கில் சேராத பதினைந்து நிமிடப் பயிற்சிச் சுடுதலான சைட்டிங்கில் முதல் ஐந்து நிமிடம் ஒரு ஷாட்கூட அடிக்காமல், தட்டையாகிவிட்ட பாம் ரெஸ்ட்டுக்குக் கை பழகத் தூக்கித் தூக்கி இறக்கிக்கொண்டே இருந்தேன். நல்லவேளை, உள்ளங்கைக் குழியில் வைத்தது அப்படியே இருந்தது. கடைசி இரண்டு சீரிஸ் 92-ல் நின்றதற்கு அந்த 35 நிமிடமும் ஒரு காரணம் என்றே நினைக்கிறேன்.

கிரிப்பில் எதை மாற்றினாலும் விதிப் புத்தகத்தின் பிஸ்டல் பகுதியை வரி வரியாகப் படியுங்கள். மணிக்கட்டு வெளியே தெரிய வேண்டும், கையைத் தாண்டிக் கட்டை எங்கும் தொடக் கூடாது, கிரிப்போடு சேர்த்துப் பிஸ்டல் 420 x 200 x 50 மி.மீ. பெட்டிக்குள் அடங்க வேண்டும். எம்-சீலைப் பக்கவாட்டில் அப்பிக்கொண்டே போனால் அந்த 50 எப்போது தாண்டியது என்றே தெரியாது.

மற்றவை சுருக்கமாக:

ட்ரிகர். இழுவிசை குறைந்தது 500 கிராம் இருக்க வேண்டும் என்பது விதி, அதற்காக 501-ல் வைக்காதீர்கள். சோதனையில் ட்ரிகரால் எடையைத் தூக்க மூன்று முயற்சிதான், மூன்றாவதில் கை நடுங்கும். என்னுடையது 515. ட்ரிகர் இரண்டு கட்டமாக இழுபடும்: முதல் கட்டத்தில் பெரும்பங்கு எடை, இரண்டாவதில் கொஞ்சம். மெக்கானிக்கலா எலக்ட்ரானிக்கா என்று கேட்டால் நான் மெக்கானிக்கல் பக்கம், ஏனென்றால் அதை என்னால் ஆலன் கீயால் சரிசெய்ய முடியும். டோக்கியோ ஒலிம்பிக்கில் மனு பாக்கர் போட்டியின் நடுவே பிஸ்டல் பழுதாகி நேரத்தை இழந்து, 575 அடித்து இரண்டு புள்ளியில் ஃபைனலைத் தவறவிட்டார். அவரே பாரிஸில் இரண்டு வெண்கலம் வாங்கினார். எந்த வகை வைத்திருந்தாலும் ஸ்பேர் கையில் இருக்கட்டும்.

எடை. பேரல் அடியில் மாட்டும் எடைக்கட்டிகளுக்கு நான் செலவு செய்த பணம் வீண். 1500 கிராம் வரை விதி அனுமதிக்கிறது என்பதற்காக ஏற்றக் கூடாது. எல்லாவற்றையும் கழற்றிவிட்டேன்.

ஃப்ரன்ட் சைட். 4 மி.மீ.யிலிருந்து 4.5-க்கு மாறினேன். இரண்டு பக்கமும் வெளிச்சக் கோடு தாராளமாகத் தெரியும்படி பின் பள்ளத்தை அகலமாக வைத்திருக்கிறேன். ஒடுக்கமாக வைத்தால் துல்லியம் கூடும் என்று தோன்றும். கண் சோர்ந்துபோய்க் கடைசி சீரிஸில் ஒன்றும் தெரியாது.

கண்ணாடி. ஷூட்டிங் ஃபிரேமுக்கு 18,000 கொடுத்தேன், அவசரப்பட்டுவிட்டேன். பவர் இருப்பவர்களுக்கு வேண்டும், அதுவும் ஃப்ரன்ட் சைட் தெளிவாகத் தெரியும்படி தூரப் பவரோடு +0.5 அல்லது +0.75 சேர்த்து. கண் மருத்துவரிடம் நீட்டிய கையின் தூரத்தைச் சொல்லி எழுதி வாங்குங்கள். குறி பார்க்காத கண்ணுக்கு முன்னால், மறைப்பாக, ஐஸ்கிரீம் டப்பா மூடியில் 30 மி.மீ. அகலத்துக்கு வெட்டிய துண்டுதான் இன்றும் என்னிடம் இருக்கிறது.

ஷூ. அடி தட்டையாக, கணுக்கால் மூடாமல் இருந்தால் போதும்.

பெல்லட். அதன் அளவு 4.49 மி.மீ.யா 4.50-ஆ என்று மணிக்கணக்கில் பேசுகிறார்கள். 570-க்குக் கீழே இருக்கிற நாம் ஒரே வகையை ஒரே பேட்ச்சில் மொத்தமாக வாங்கிக்கொண்டு வேலையைப் பார்க்கலாம்.

பாரிஸ் ஒலிம்பிக்கில் வெறும் மூக்குக்கண்ணாடியோடு, ஒரு கையைப் பாக்கெட்டில் விட்டுக்கொண்டு வெள்ளி வாங்கிய துருக்கி வீரர் யூசுப் டிகெச்சின் படத்தை எனக்கு இருபது பேர் அனுப்பியிருப்பார்கள், "பார், ஒன்றுமே தேவையில்லை" என்று. அந்தப் படத்தைப் பெரிதாக்கி அவர் கையைப் பாருங்கள். பிடித்திருப்பது போட்டிப் பிஸ்டல், அதன் கிரிப் கையோடு எப்படி ஒட்டியிருக்கிறது என்று பாருங்கள். நான் சொல்வதும் அதுதான். ஃபிரேம், எடைக்கட்டி, ஷூ எல்லாம் பிறகு வாங்கலாம். கையிலிருக்கும் பணத்தில் முதல் ரூபாய் சரியான அளவு கிரிப்புக்குப் போகட்டும். எஸ் கைக்கு எல் கிரிப்பை யாராவது தள்ளிவிட்டால் வாங்காமல் வந்துவிடுங்கள்.

இந்த ஞாயிறு மாமா பட்டறையில் பாம் ரெஸ்ட்டை மட்டும் புதிதாகச் செய்யப் போகிறோம், இந்த முறை தட்டையாக. மாமாவுக்கு விதியை அச்செடுத்துக் கொடுத்துவிட்டேன். "மொதல்லயே குடுத்திருக்கலாமல்ல" என்றார். பையில் ஒரு நகம் ராவும் அரமும் உப்புத்தாளும் வைத்துவிட்டேன். அடுத்த போட்டியில் அந்தப் பெண் கண்ணில் பட்டால் முதலில் பெயரைக் கேட்க வேண்டும்.