பலகையின் நடுவில் இருந்த படம்

கடந்த பருவத்தில் பத்தாம் வகுப்பு வரலாற்றுப் பாடத்துக்காக, அமெரிக்காவில் பெருந்தாக்கம் ஏற்படுத்திய ஒருவரைப் பற்றி நால்வர் குழுவாகக் காட்சிப் பலகை தயாரிக்க வேண்டியிருந்தது. ஐந்து நிமிடத்தில் ரோசா பார்க்ஸின் பெயரை எழுதிக் கொடுத்துவிட்டோம். எல்லோருக்கும் தெரிந்த கதை என்பதால் வேலை குறையும் என்று நினைத்தோம். வேறு காரணம் எதுவும் இல்லை. சென்னையில் எட்டாம் வகுப்பு முடித்துவிட்டு இங்கு வந்த எனக்கு மட்டும் அந்தக் கதை அரைகுறையாகத்தான் தெரியும் என்பதால், தேதிகளையும் தகவல்களையும் சரிபார்க்கும் பொறுப்பு என்னிடம் வந்தது.

மற்ற மூவர் சொன்ன கதை இதுதான்: 1955 டிசம்பர் 1 அன்று, அலபாமாவின் மாண்ட்கோமரி நகரில், வேலை முடிந்து களைத்துப்போயிருந்த ஒரு தையல்காரப் பெண்மணி வெள்ளையர் இருக்கையில் அமர்ந்து, எழ மறுத்துக் கைதானார். ஆனால் நீதிமன்ற ஆவணங்களில் இருந்த பேருந்து இருக்கை வரைபடத்தைப் பார்த்தபோது, வெள்ளையருக்கென ஒதுக்கப்பட்டிருந்த முன்பக்கத்து 10 இருக்கைகளுக்குப் பின்னால், அடுத்த வரிசையில்தான் அவர் உட்கார்ந்திருந்தார் என்பது தெரிந்தது. நின்றுகொண்டிருந்த ஒரே ஒரு வெள்ளையருக்காக அந்த வரிசை முழுவதையும் காலி செய்யச் சொன்னார் ஓட்டுநர்; மூவர் எழுந்தார்கள், இவர் எழவில்லை. அப்போது அவருக்கு வயது 42, கறுப்பின மக்களின் உரிமைச் சங்கமொன்றின் உள்ளூர்க் கிளைக்குச் செயலாளராகவும் இருந்தவர். எங்கள் பலகையில் ஏற்கெனவே ஒட்டியிருந்த 'களைத்துப்போன தையல்காரர்' என்ற தலைப்பை உரித்தெடுக்க வேண்டியதாயிற்று.

சண்டை வந்தது அதற்குப் பிறகுதான். ஒன்பது மாதங்களுக்கு முன்பே, அதே ஊரில், அதே காரணத்துக்காக, கிளாடெட் கால்வின் என்ற 15 வயது மாணவி கைதானதைக் கண்டுபிடித்த தோழி, எங்கள் வயதுப் பெண்ணை விட்டுவிட்டு இந்தப் பலகையைச் செய்ய மாட்டேன் என்று உறுதியாகச் சொல்லிவிட்டாள். தலைப்பை மாற்ற நேரமில்லை என்றான் எழுத்து வேலை பார்த்தவன். இரண்டு நாள் பேச்சுவார்த்தை இல்லை. சமாதானத்துக்கு உதவியது வழக்கு விவரம்: பேருந்துகளில் இனப்பிரிவினையைச் செல்லாததாக்கிய வழக்கைத் தொடுத்த பெண்களில் கால்வின் இருந்தார், பார்க்ஸ் இல்லை. ஆகவே பலகையின் இடது மடிப்பு கால்வினுக்கு என்று முடிவாயிற்று.

வலது மடிப்பை நான் ஜோ ஆன் ராபின்சனுக்காகக் கேட்டு வாங்கினேன். கல்லூரி ஆங்கிலப் பேராசிரியரான அவர், பார்க்ஸ் கைதான அன்றிரவே கல்லூரி இயந்திரத்தில் பல்லாயிரம் துண்டறிக்கைகளை அச்சடித்து, திங்கட்கிழமை யாரும் பேருந்தில் ஏற வேண்டாம் என்று ஊருக்குத் தெரிவித்தவர். அந்த இயந்திரம் எப்படி இருக்கும் என்று எனக்குப் புரியவில்லை. அப்பாதான், 'சைக்ளோஸ்டைல்தானே' என்று, கைகளில் மை அப்பிக்கொள்ள உருளையைச் சுற்றிய தன் சங்க நாட்களை விவரித்தார். ஒருநாள் என்று தொடங்கிய அந்தப் புறக்கணிப்பு 381 நாள் நீடித்தது.

ஒப்படைப்பதற்கு இரண்டு இரவுகளுக்கு முன்புதான் பெரிய தவறு பிடிபட்டது. பார்க்ஸ் சன்னலோரம் அமர்ந்திருக்க, பின் இருக்கையில் இறுகிய முகத்துடன் ஒரு வெள்ளையர் இருக்கும் புகழ்பெற்ற படத்தை நடுவில் ஒட்டி, கீழே '1955 டிசம்பர் 1' என்று எழுதியிருந்தோம். அது 1956 டிசம்பர் 21 அன்று, வழக்கில் வென்று மக்கள் பேருந்துக்குத் திரும்பிய நாளில், பத்திரிகைகளுக்காக எடுக்கப்பட்ட படம். பின்னால் இருப்பவர் ஒரு செய்தியாளர். முடி உலர்த்தும் கருவியால் பசையை இளக்கியும் ஒரு மூலை கிழிந்துவிட்டது. பிறகு படத்தை அப்படியே விட்டுவிட்டு, கிழிந்த மூலையை மறைக்கும்படி சரியான தேதியையும் அந்த மனிதர் யார் என்பதையும் எழுதி ஒட்டினோம். வகுப்பில் அதிகக் கேள்விகள் வந்தது அந்தச் சீட்டுக்குத்தான்.

ஒருவரைப் பற்றி மட்டுமே செய்ய வேண்டும் என்ற விதியை மீறியதற்காக 5 மதிப்பெண் குறைந்தது. விதி எங்களுக்குத் தெரிந்ததுதான் என்றாலும், அந்த இரு மடிப்புகளையும் வெறுமையாக விட்டிருக்கலாம் என்று எங்களில் எழுத்து வேலை பார்த்தவன்கூட இன்றுவரை சொல்லவில்லை.