சீப்பு படாத தலை

கேரள முன்னாள் முதல்வர் உம்மன் சாண்டி என்றால் முல்லைப் பெரியாறு சண்டைதான் நம்ம ஊரில் பலருக்கு நினைவுக்கு வரும், எனக்கும் அப்படித்தான், அந்தக் கோபம் இன்னும் கொஞ்சம் இருக்கிறது. ஆனால் 1970-ல் கோட்டயம் பக்கத்துப் புதுப்பள்ளியில் ஜெயித்தவர் அதே தொகுதியில் தொடர்ந்து 12 முறை ஜெயித்து, 2023 ஜூலை 18-ல் பெங்களூரில் இறக்கும்போதும் அதன் எம்எல்ஏவாகவே இருந்தார் என்பதை நினைத்தால் மலைப்பாக இருக்கிறது.

கலைந்த தலை, கசங்கிய கதர்ச் சட்டை, சுற்றிலும் எப்போதும் கூட்டம். முதல்வராக இருந்தபோது மாவட்டம் மாவட்டமாக மக்கள் குறைகேட்பு நடத்தி, மணிக்கணக்கில் நின்றுகொண்டே மனு வாங்கிக் கையெழுத்துப் போட்டார். அதற்கு 2013-ல் ஐ.நா. விருதும் கிடைத்தது. வில்லேஜ் ஆபீசில் முடிய வேண்டிய வேலைக்கு முதல்வர் எதற்கு என்று எதிர்க்கட்சிக்காரர்கள் கேட்டதும் நியாயமான கேள்விதான், சரி.

அப்புறம் அந்தக் கடைசிப் பயணம். திருவனந்தபுரத்திலிருந்து கோட்டயம் சுமார் 150 கிலோமீட்டர். அரசுப் பேருந்தில் உடலை வைத்துக் கிளம்பினார்கள், போய்ச் சேர ஒரு நாளுக்கு மேல் ஆனது. நடுராத்திரியிலும் ரோட்டோரம் முழுக்க ஜனம்.