அன்னாசி போட்ட பிட்சா, மாட் மல்லன்வெக், அப்புறம் மணிலா

நேற்று ராத்திரிதான் சென்னையில் வந்து இறங்கினேன். பையை இன்னும் பிரிக்கவில்லை. சூட்டோடு சூடாக எழுதிவிட வேண்டும், இல்லாவிட்டால் டாக்சிக்காரர் மேல் இருக்கும் கோபம் ஆறிவிடும்.

போனது வேர்ட்கேம்ப் ஆசியா 2025-க்கு. வேர்ட்பிரஸ் என்ற, வலைத்தளம் கட்டுகிற மென்பொருளைப் பயன்படுத்துகிறவர்கள் கூடும் மாநாடு அது. பிப்ரவரி 20 முதல் 22 வரை, மணிலாவில். விசா, டிக்கெட், தங்குமிடம், சாப்பாடு, கடைசியில் நிகழ்ச்சி என்று வரிசையாக எழுதித் தருவதாக நண்பர்களிடம் சொல்லிவிட்டுத்தான் கிளம்பினேன். மன்னிக்கவும், டாக்சிதான் முதலில்.

விமானம் தரையிறங்கும்போது அதிகாலை நாலரை. நேர் விமானம் இல்லை என்பதால் கோலாலம்பூரில் ஏழு மணி நேரம் நாற்காலியில் கிடந்து வந்த உடம்பு. வெளியே வந்ததும் ஒருவர் சிரித்த முகமாகப் பையை வாங்கிக்கொண்டார். மீட்டர் போடச் சொன்னேன். "டிராஃபிக், சார்" என்றார். விடியாத நேரத்தில் ஏது டிராஃபிக்? மலாட்டே பகுதியில் இருந்த ஹாஸ்டலுக்கு இருபது நிமிடம்கூட ஆகவில்லை. 1,200 பெசோ என்றார். ஒரு பெசோ நம் காசுக்கு ஏறக்குறைய ஒன்றரை ரூபாய். வாயாடி வாயாடி ஆயிரத்துக்குக் கொண்டுவந்தேன். அந்த ஹாஸ்டலில் ஒரு ராத்திரிப் படுக்கைக்கே 650 பெசோதான்! திரும்பி வரும்போது ஆப்பில் புக் செய்தேன், அதே தூரத்துக்கு 280. போகிறவர்கள் தயவுசெய்து யார் கையிலும் பையைக் கொடுக்காதீர்கள்.

அந்த எரிச்சலைத் தணித்தது ஜீப்னி என்ற குட்டிப் பேருந்து. நான் போனபோது குறைந்தபட்சக் கட்டணம் 13 பெசோ. பின்பக்கமாக ஏறி, எதிரெதிர் பெஞ்சில் முழங்கால் இடிக்க உட்கார வேண்டும். கண்டக்டர் கிடையாது. "பயாட் போ" என்று சொல்லிக் காசை நீட்டினால், பக்கத்தில் இருப்பவர் வாங்கி அடுத்தவரிடம் கொடுக்க, அது கை மாறிக் கை மாறி டிரைவரிடம் போய்ச் சேருகிறது. மீதிச் சில்லறையும் அதே வழியில் திரும்பி வருகிறது. நான் கொடுத்த இருபதுக்கு ஏழு பெசோ சரியாக வந்தது. கூட்ட நேரத்து மாநகரப் பேருந்தில் "ஒரு சென்ட்ரல் பாஸ் பண்ணுங்க" என்று நீட்டிப் பழகியவனுக்கு இது சொந்த ஊர் மாதிரியே இருந்தது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

எனக்குப் பதினோரு வருடமாகச் சோறு போடுவது வேர்ட்பிரஸ். ஜவுளிக்கடை, பல் ஆஸ்பத்திரி, திருமண மண்டபம் என்று எல்லோருக்கும் சைட் கட்டிக் கொடுக்கிற தனி ஆள் நான். 2003-இல், கைவிடப்பட்டுக் கிடந்த ஒரு பிளாக் மென்பொருளை எடுத்துத் திருத்தி, மைக் லிட்டில் என்பவரோடு சேர்ந்து இதை வெளியிட்டபோது மாட் மல்லன்வெக்குக்கு வயது 19. இரண்டு வருடம் கழித்து ஆட்டோமேட்டிக் நிறுவனத்தைத் தொடங்கினார், இன்றைக்கும் அதன் தலைவர் அவரே. உலகத்து வலைத்தளங்களில் ஐந்தில் இரண்டுக்கு மேல் இப்போது வேர்ட்பிரஸில் ஓடுகின்றன. இலவசம், யாரும் எடுத்துத் திருத்தலாம். இந்த ஆளுக்கு நான் நன்றி சொல்லாமல் இருக்க முடியாது.

ஆனால் கிளம்பும்போது அவர் மேல் கோபமாகத்தான் கிளம்பினேன். காரணம், 2024 செப்டம்பரில் தொடங்கிய சண்டை. போர்ட்லாந்தில் நடந்த வேர்ட்கேம்ப் மேடையிலேயே டபிள்யூபி எஞ்சின் என்ற ஹோஸ்டிங் நிறுவனத்தை (வலைத்தளங்களுக்குச் சர்வரில் இடம் வாடகைக்குத் தருகிறவர்கள்) வெளுத்து வாங்கினார். வேர்ட்பிரஸால் கோடி கோடியாகச் சம்பாதித்துவிட்டுத் திருப்பி எதுவும் தருவதில்லை என்பது அவர் புகார். ஆட்டோமேட்டிக் ஆட்கள் வேர்ட்பிரஸுக்காக வாரத்துக்கு 3,786 மணி நேரம் உழைக்கிறார்கள், அவர்கள் வெறும் 40 மணி நேரம் என்று கணக்கும் சொன்னார். அதில் நியாயம் இருக்கிறது. உங்கள் ஆட்களில் ஐந்து சதவீதம் பேரின் உழைப்பைத் திருப்பிக் கொடுங்கள் என்று நிறுவனங்களிடம் அவர் 2014 முதல் கேட்டு வருகிறார்.

பிறகு நடந்ததில்தான் எனக்குச் சம்மதம் இல்லை. வேர்ட்பிரஸ் என்ற டிரேட்மார்க்குக்காக அந்த நிறுவனத்திடம் வருமானத்தில் எட்டு சதவீதம் கேட்டார். செப்டம்பர் 25 அன்று, அப்டேட்டுகள் வந்து சேருகிற வேர்ட்பிரஸ்.ஆர்க் தளத்தின் கதவை அவர்களுக்குச் சாத்தினார். அவர்களிடம் சைட் வைத்திருந்த அப்பாவிகள் பிளகினை, அதாவது சைட்டுக்குக் கூடுதல் வசதி தரும் துணை மென்பொருளை, அப்டேட் செய்ய முடியாமல் திண்டாடினார்கள். அவர்கள் பராமரித்து வந்த பிரபலமான பிளகினை அக்டோபர் 12 அன்று வேறு பெயர் வைத்து எடுத்துக்கொண்டார். தன் நிறுவனத்துக்குள்ளேயே, "என் போக்கு பிடிக்காதவர்கள் ஆறு மாதச் சம்பளமோ 30,000 டாலரோ, எது அதிகமோ அதை வாங்கிக்கொண்டு போகலாம்" என்று அறிவித்தார். 159 பேர் வாங்கிக்கொண்டு போனார்கள். இந்த வருடம் ஜனவரியில், ஆட்டோமேட்டிக்கின் உழைப்பையும் ஏறக்குறைய எதிராளி அளவுக்கே, வாரம் 45 மணி நேரத்துக்குக் குறைப்பதாக அறிவிப்பு வந்தது. சில பழைய பங்களிப்பாளர்களின் கணக்குகளும் முடக்கப்பட்டன.

இதற்கு நடுவே வந்த கூத்துதான் தலைப்பில் இருக்கும் பிட்சா. வேர்ட்பிரஸ்.ஆர்க்கில் லாகின் செய்ய வேண்டுமென்றால், "எனக்கும் டபிள்யூபி எஞ்சினுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை" என்று ஒரு பெட்டியில் டிக் அடிக்க வேண்டும் என்று வைத்தார்கள். டிசம்பர் 10 அன்று கலிபோர்னியா நீதிமன்றம் அதை எடுக்கச் சொன்னது. எடுத்தார்கள். எடுத்த இடத்தில் புதிதாக ஒரு பெட்டி வந்தது: "பிட்சாவில் அன்னாசி போட்டால் ருசி." இதற்கு டிக் அடித்தால்தான் உள்ளே விட்டார்கள். நானும் அடித்தேன். அன்றைக்கு வரை அன்னாசி பிட்சாவை நான் கண்ணால் பார்த்ததுகூட இல்லை.

நிகழ்ச்சி நடந்த பிஐசிசி என்ற மாநாட்டு மையம், லியாண்ட்ரோ லொக்சின் என்ற கட்டடக் கலைஞர் வடிவமைத்து 1976-இல் திறந்த பெரிய கான்கிரீட் மாளிகை. உள்ளே ஏசி குளிர் எலும்புக்குள் இறங்கியது. ஒரு ஸ்வெட்டர் எடுத்துப் போங்கள். முதல் நாள் பங்களிப்பு நாள். ஆயிரம் பேருக்கு மேல் வந்த இந்தத் திருவிழாவில் எனக்குப் பிடித்தது அந்த ஒரு நாள்தான். யாரும் யாருக்கும் சம்பளம் தருவதில்லை. மேசை மேசையாக உட்கார்ந்து கோளாறு சரி செய்கிறார்கள், உதவிக் குறிப்பு எழுதுகிறார்கள், மொழிபெயர்க்கிறார்கள். நான் மொழிபெயர்ப்பு மேசையில் உட்கார்ந்தேன்.

இந்தியத் தமிழுக்கும் இலங்கைத் தமிழுக்கும் வேர்ட்பிரஸில் தனித்தனிப் பிரிவு உண்டு. பக்கத்து நாற்காலியில் யாழ்ப்பாணத்துப் பெண் ஒருவர். கொழும்பில் வேலையாம். பிளாக்கில் எழுதிப் போடுவதை எப்படிச் சொல்வது என்று ஆரம்பித்தோம். நான் 'பதிவு' என்றேன். "அண்ணா, கணக்கு திறக்கிறதுக்கும் பதிவு எண்டு போட்டிருக்கிறீங்கள், இதுக்கும் பதிவு எண்டால் ஆக்களுக்கு எப்பிடி விளங்கும்?" என்றார். அப்படியென்றால் 'இடுகை' என்றேன். ஒரு திரையில் 'பதிவு செய்க' பொத்தான், கீழே 'புதிய இடுகை'. சரியாக உட்கார்ந்தது. அந்த ஒரு சொல்லுக்கே முக்கால் மணி நேரம் போனது.

அப்புறம் 'ஹவ்டி'. வேர்ட்பிரஸில் லாகின் செய்ததும் மேல் மூலையில் உங்கள் பெயருக்கு முன்னால் வருமே, அது டெக்சஸ் பக்கத்து வணக்கம். மாட் ஹூஸ்டன்காரர். ஒரு மனிதருடைய ஊர்ப்பேச்சு உலகம் முழுக்கக் கோடிக்கணக்கான திரைகளில் உட்கார்ந்திருக்கிறது என்று அதுவரை நான் யோசித்ததே இல்லை. அதற்கு 'வணக்கம்' போதுமா, 'வாங்க' என்று போடலாமா என்று பேசிக்கொண்டிருந்தோம். 'வாங்க' அவருக்கும் பிடித்திருந்தது. ஆனால் எடிட்டர் ஒப்புதல் இல்லாமல் எதுவும் ஏறாது, ஒப்புதல் வருவதற்குள் மதியச் சாப்பாட்டு மணி அடித்துவிட்டது.

இரண்டாம் நாளைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. ஏஐ, ஏஐ, மறுபடியும் ஏஐ. ஸ்பான்சர் கடைகளில் மூன்று துணிப்பை, நாலு டி-ஷர்ட். சட்டைச் செலவு இந்த வருடம் மிச்சம்.

மூன்றாம் நாள் மாட்டின் கேள்வி-பதில். இதற்காகத்தானே கடன் வாங்காத குறையாக வந்தது! கேள்வியை விமானத்திலேயே போனில் தட்டி வைத்திருந்தேன்: "வேர்ட்பிரஸ்.ஆர்க் உங்கள் தனிச் சொத்து என்கிறீர்கள். நாளைக்கு உங்களுக்கு மனது மாறினால் எங்கள் கதி என்ன?" விஷயம் இதுதான். வேர்ட்பிரஸ் என்ற டிரேட்மார்க் 2010 முதல் வேர்ட்பிரஸ் அறக்கட்டளையின் பெயரில் இருக்கிறது. ஆனால் பிளகினும் அப்டேட்டும் வந்து சேருகிற அந்தத் தளம் அறக்கட்டளைக்குச் சொந்தமில்லை, மாட் என்ற தனி மனிதருக்குச் சொந்தம். போன வருடச் சண்டை வரும் வரை என்னைப் போலப் பலருக்கு இது தெரியாது. ஊர் கூடிக் கட்டிய கோயில், கொடைக்கு வீட்டுக்கு வீடு வரி கொடுக்கிறோம், பந்தல் போடுகிறோம், தேர் இழுக்கிறோம். சாவி மட்டும் தர்மகர்த்தா இடுப்பில். இருபது வருடமாக நல்ல தர்மகர்த்தாதான். ஒரு நாள் பங்காளிச் சண்டையில் நடையைச் சாத்திவிட்டார் என்றதும்தான் ஊருக்குச் சாவி ஞாபகம் வருகிறது.

மனிதர் மெதுவாக, பணிவாகப் பேசுகிறார். கோர்ட்டு வழக்கும் கூச்சலுமாக இணையத்தில் படித்த ஆள் இவர்தானா என்று இருந்தது. உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தபோது என் கோபம் பாதி இறங்கிவிட்டது என்பதை ஒப்புக்கொள்கிறேன். மீதிப் பாதி அப்படியேதான் இருக்கிறது, ஏனென்றால் நான் கவலைப்பட்டது அவர் குணத்தைப் பற்றி இல்லை. மைக் வரிசையில் போய் நின்றேன். எனக்கு முன்னால் பலர். நேரம் முடிந்துவிட்டது. சே!

அன்று இரவு அந்த வெறுப்பில் ஒரு கடைக்குள் நுழைந்து அன்னாசி பிட்சா வாங்கினேன். 320 பெசோ. இவ்வளவு நாள் டிக் அடித்ததற்கு ஒரு நேர்மை வேண்டாமா? அன்னாசி விளைகிற நாடு, பழம் நல்ல பழம்தான். ஆனால் உருகிய சீஸுக்கு நடுவே சூடான இனிப்புத் துண்டு பல்லில் படும்போது, யாரோ பாயசத்தைச் சாம்பாரில் ஊற்றியது போல இருந்தது. நான் பொய் டிக் அடித்தவன். பதிவு செய்துகொள்கிறேன், அதாவது இடுகை இட்டுக்கொள்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை, மணிலாவை ஒட்டிய காயின்டா என்ற ஊருக்குப் போனேன். பயணத்தின் உச்சம் இதுதான், மணிலா போகிற தமிழர்கள் தவறவே விடக்கூடாது. 1762-இல் பிரிட்டிஷார் மணிலாவைப் பிடித்தபோது கப்பல்கள் கிளம்பியது நம் சென்னையிலிருந்து. கூடவே மதராஸ் சிப்பாய்களும் போனார்கள். 1764-இல் பிரிட்டிஷார் திரும்பியபோது சிப்பாய்களில் ஒரு பகுதியினர் கம்பெனியாவது ஒன்றாவது என்று அங்கேயே தங்கி, உள்ளூர்ப் பெண்களைக் கட்டிக்கொண்டு காயின்டாவில் குடியேறிவிட்டார்கள். ஆறு மாதச் சம்பளமும் யாரும் கொடுத்திருக்க மாட்டார்கள். ரயிலில் மரிகினா-பாசிக் நிலையம் வரை போய், அங்கிருந்து ஜீப்னி. பெஞ்சில் எதிரே உட்கார்ந்திருந்த பெரியவர் அச்சு அசல் எங்கள் பெரியப்பா. அவரிடம் தமிழில் பேச வாய் துடித்தது, அடக்கிக்கொண்டேன்.

காரே-காரே என்ற குழம்பே அந்தச் சிப்பாய்களின் 'கறி'யிலிருந்து வந்தது என்று ஒரு கதை உண்டு. மாட்டு வாலை நிலக்கடலைக் குழம்பில் வேக வைத்து, உப்புக்கு இறால் விழுதைத் தனியாகத் தருகிறார்கள். சாப்பிட்டேன். கதை நன்றாக இருக்கிறது, மிளகாயே இல்லை. என்னைச் சாய்த்தது பிபிங்கா. அரிசி மாவும் தேங்காய்ப்பாலும், அடியில் வாழையிலை, கீழேயும் கரி நெருப்பு, மேலே மூடியிலும் கரி நெருப்பு. மூடியைத் திறந்ததும் சுட்ட வாழையிலை வாசனை. மேலே உப்பு முட்டைத் துண்டும் துருவிய தேங்காயும். ஓரம் மொறுமொறு, நடுவில் மெத்து. ஆப்பத்துக்கும் நம் கிறிஸ்துமஸ் கேக்குக்கும் பிறந்த பிள்ளை. மூன்று சாப்பிட்டேன், நாலாவதைப் பொட்டலம் கட்டி வாங்கினேன்.

கணக்கு கேட்பவர்களுக்கு: விமானம் 34,000 ரூபாய், விசா ஏஜென்ட் கமிஷனோடு 5,500, ஐந்து ராத்திரி ஹாஸ்டல் 4,900 சொச்சம், சாப்பாடு, சுற்றல், அந்த டாக்சி எல்லாம் சேர்த்து 55,000-ஐத் தாண்டிவிட்டது.

பொட்டலத்து பிபிங்கா கோலாலம்பூரிலேயே கல்லாகிவிட்டது. வீட்டில் மைக்ரோவேவில் வைத்துக் கொடுத்தேன். மனைவி ஒரு வாய் தின்றுவிட்டு, "அந்த ஆள்கிட்ட கேட்டீங்களா?" என்றாள். வரிசை முடிந்துவிட்டது என்றேன். அடுத்த வேர்ட்கேம்ப் ஆசியா மும்பையில் என்று அறிவித்திருக்கிறார்கள் என்பதையும் சொன்னேன்.

"அப்ப ரயில்ல போயிட்டு வாங்க. ஸ்லீப்பர்ல" என்றாள்.